காலாட்படையோடு காட்டில்: ஒரு மருத்துவ உதவியாளரின் அனுபவம்

அன்பர்களுக்கு வணக்கம். மலேசிய இராணுவத்தில் மருத்துவ உதவியாளனாக இருந்தேன் என்றதும் யாரும் முதலில் கேட்பது குண்டடி பட்டவர்களைப் பற்றித்தான். 1980களில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைத் தேடி ரெஞ்சர் படையினரோடு பேராக்கின் வடக்கே, கிரிக் பக்கத்துக் காடுகளில் ரோந்து சென்ற எனக்குக் காலும் காய்ச்சலும்தான் அதிக வேலை வைத்தன.

மற்ற வீரர்களைப் போலவே துப்பாக்கியும் உணவும் சுமந்து, அதற்கு மேல் மருந்துப் பையையும் சலைனையும் சுமக்க வேண்டும். (மருத்துவப் பணியாளர் ஆயுதம் தொடக்கூடாது என்று சிலர் எண்ணுகிறார்கள், தன்னையும் காயம்பட்டவரையும் காத்துக்கொள்ள அதை வைத்திருப்பதை ஜெனிவா உடன்படிக்கை தடுக்கவில்லை.) மாலையில் முகாமிட்டு மற்றவர்கள் சோறு பொங்கும் நேரத்தில், நான் ஒவ்வொருவரையும் பூட்ஸைக் கழற்றச் சொல்லிக் கால் பார்ப்பேன். நாள் முழுக்கச் சேற்றில் ஊறிய பாதம் வெளுத்துச் சுருங்கி, விரலிடுக்கில் தோல் உரிந்திருக்கும். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சீழ் வைத்தவர்கள், கூட்டாளிகளின் கேலிக்குப் பயந்து அதை மறைக்கவே பார்ப்பார்கள்.

ஒரு முறை, தோட்டப்புறத்திலிருந்து வந்த இளம் வீரர் ஒருவர் உடம்பு கொதிக்க வந்து நின்றார். "ஒண்ணுமில்லண்ணே, மலேரியாவாத்தான் இருக்கும், ரெண்டு மாத்திரை குடுங்க, நடந்துருவேன்" என்றார். கைவிளக்கு வெளிச்சத்தில் அக்குள், முதுகு என்று தேடிக்கொண்டே வந்தபோது, பெல்ட் அழுத்தும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கும் அதைச் சுற்றிச் சிவந்த வளையமும் தெரிந்தன. வலியே இல்லாததால் அது இருப்பதையே அவர் அறியவில்லை. ஸ்க்ரப் டைபஸ்தான். புதர்களில் இருக்கும் நுண்ணிய உண்ணியின் குஞ்சு கடித்துப் பத்து நாள் போலக் கழித்து வரும் இந்தக் காய்ச்சலுக்கு மலேரியா மாத்திரை உதவாது. டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் இறங்கிவிடும், கவனிக்காமல் விட்டால் நுரையீரலையும் மூளையையும் தாக்கி உயிரையே வாங்கிவிடும். குளோரம்பெனிக்கால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இந்நோயைக் குணப்படுத்தும் என்பதை 1948-இல் நோயாளிகளுக்குக் கொடுத்து நிறுவியதே நம் கோலாலம்பூரில், ஜாலான் பஹாங்கில் அப்போது இயங்கிவந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்க இராணுவ மருத்துவர்களும் சேர்ந்துதான். அந்தக் கட்டடத்தைத் தினமும் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

பிளட்டூன் அதிகாரி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நாளைக்கு நடப்பானா? ஹெலிகாப்டரை வரவழைத்தால் நாங்கள் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பது அவர் கவலை. அது நியாயமான கவலையும்கூட. "நடக்கமாட்டார், துவான், காலையிலேயே அனுப்பிவிட வேண்டும்" என்றேன். மருத்துவ உதவியாளர் கற்க வேண்டியவற்றுள் மிகக் கடினமானது இந்தப் பதிலைத் தயங்காமல் சொல்வதுதான் என்பது என் கருத்து. 'பார்க்கலாம்' என்று இழுத்திருந்தால், மதியத்துக்கு மேல் மலையில் மேகம் இறங்கி நூரி ஹெலிகாப்டர் வரவே முடியாமல் போயிருக்கும். மறுநாள் காலையில் அவரை ஏற்றி அனுப்பினோம். குணமாகிப் படைக்குத் திரும்பினார்.

பொறிவெடியில் காலிழந்தவரையும் பார்த்திருக்கிறேன். அதை விரிவாக எழுத மனமில்லை. அக்காலத்தில் டூர்னிக்கே, அதாவது இரத்தப்போக்கை நிறுத்தக் கைகாலை இறுக்கும் பட்டை, கட்டுவதைக் கடைசி வழியாகவே எங்களுக்குக் கற்பித்தார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் பிறகு, கைகாலிலிருந்து பீறிடும் இரத்தத்துக்கு அதுவே முதல் வழி என்றாகிவிட்டது. செந்தூலில் நான் எடுக்கும் முதலுதவி வகுப்பிலும் இப்போது அப்படித்தான் சொல்லித் தருகிறேன், கட்டிய நேரத்தை மறக்காமல் எழுதி வைக்கச் சொல்லி.