சிபியு கிராஃபுக்கு ஒரே ஒரு கோடு போதுமா?

சர்வர்பித்தன்:
எங்க மானிட்டரிங்ல சிபியுவுக்கு ஒத்த கோடுதான், அஞ்சு நிமிஷ சராசரி. நேத்து 8 கோர் (சிபியுக்குள்ள தனித்தனியா வேலை செய்யுற பகுதி) மெஷின் ஒன்னு ஆமை மாதிரி நகருது, கிராஃப பாத்தா 13 சதவீதம்னு தரையோட கெடக்கு, மெஷின் சும்மாதான் இருக்குன்னு நம்பி நெட்வொர்க், டிஸ்க்னு ரெண்டு மணி நேரம் தேடுனோம். கடைசில ஒரே ஒரு த்ரெட், அதாவது ஒரு நேரத்துல ஒரு கோர்ல மட்டும் ஓடுற வேலை, 100 சதவீதத்துல ஓடிட்டு இருந்திருக்கு. எட்டுல ஒரு பங்குன்னா 12.5தான வரும்! இனிமே கோர் வாரியா காட்டணும், சிபியு நேரம் எங்க போகுதுன்னு யூசர் (நம்ம ப்ரோக்ராம்), சிஸ்டம் (கர்னல்), ஐஓவெயிட் (டிஸ்க்குக்கு காத்திருப்பு), ஸ்டீல் (நம்மகிட்ட இருந்து பறிபோன நேரம்)னு கலரும் பிரிக்கணும்ங்குறேன்.

கருந்திரை:
எனக்கு உடன்பாடில்ல. 64 கோர் மெஷின்ல 64 கோடு போட்டா நூல்கண்டு சிக்குன மாதிரி இருக்கும். ராத்திரி அலர்ட் வந்து தூக்கத்துல எந்திரிச்சு பாக்குறவருக்கு ஒரு பார்வைல புரியணும்.

சர்வர்பித்தன்:
கோடா போடச் சொல்லலங்க, ஹீட்மேப். கோருக்கு ஒரு வரிசை, லோடு ஏற ஏற நிறம் அழுத்தமாகும், 64 இருந்தாலும் கண்ணுக்கு பாரமில்ல.

கருந்திரை:
ஷெட்யூலர் (எந்த த்ரெட் எந்த கோர்ல ஓடணும்னு முடிவு பண்ற கர்னல் பகுதி) ஒரு த்ரெட்ட ஒரே கோர்லயே வச்சிருக்கும்னு யார் சொன்னா? மாத்தி மாத்தி ஓட்டும், அப்ப எல்லா வரிசையும் லேசா சிவக்கும், நீங்க தேடுற த்ரெட் அதுல மறைஞ்சே போயிடும்.

சர்வர்பித்தன்:
இது நியாயமான கேள்விதான். ஒவ்வொரு செகண்டும் எந்த கோர் அதிகமா ஓடுதோ அத மேல் வரிசைல வச்சா ஓரளவு சரியாகும், ஒரு செகண்டுக்குள்ளயே பல கோர் தாவுனா அதுவும் மழுங்கிடும். அதுக்குத்தான் கீழயே அதிகமா தின்னுற த்ரெட் ஒன்னோட பேரையும் சதவீதத்தையும் போடணும், அது எந்த கோருக்கு தாவுனாலும் கணக்கு அதோடயே போகும்.

பழையகர்னல்:
நடுவுல வர்றேன். ஐஓவெயிட்ட மத்த கலர்கூட அடுக்காதீங்க. லினக்ஸ்ல அது சிபியு வேலை செஞ்ச நேரமே இல்ல, டிஸ்க் பதிலுக்கு யாரோ காத்திருக்க சிபியு சும்மா இருந்த நேரம், அத மேல அடுக்குனா மெஷின் நெரம்பி வழியுறதா தெரியும். ஸ்டீல் அப்படியில்ல, நம்ம விர்ச்சுவல் மெஷின் ஓட ரெடியா இருந்தும் ஹைப்பர்வைசர் (ஒரே மெஷின்ல பல விர்ச்சுவல் மெஷின ஓட்டுற சாஃப்ட்வேர்) சிபியுவ வேற ஆளுக்கு குடுத்த நேரம், அது கட்டாயம் தனி கலர்ல வேணும். அப்புறம் அந்த அஞ்சு நிமிஷ சராசரி, பத்து செகண்ட் முழுசா 100ல முட்டிட்டு மிச்ச நேரம் சும்மா இருந்தா அதுல 3 சதவீதம் சொச்சம்னு வரும், அந்த பத்து செகண்டுலதான் யூசரெல்லாம் டைம்அவுட் வாங்கியிருப்பாங்க.

கருந்திரை:
சராசரி விஷயம் ஒத்துக்கிறேன், அதே கிராஃப்ல மேக்ஸ் (உச்ச அளவு) கோடு ஒன்னு சேத்துக்கலாம், ஸ்டீலும் இருக்கட்டும். ஹீட்மேப் மட்டும் முதல் ஸ்கிரீன்ல வேணாம், க்ளிக் பண்ணா தொறக்கட்டும்.

சர்வர்பித்தன்:
கிராஃப் 13னு காட்டுறப்போ க்ளிக் பண்ணணும்னு யாருக்குங்க தோணும்? நேத்து எங்க யாருக்கும் தோணலயே. ஹீட்மேப் உள்ள போகட்டும், ஆனா அதிகமா ஓடுற த்ரெட்டோட சதவீதம் மட்டும் முதல் ஸ்கிரீன்ல இருந்தே ஆகணும், அத விட்டுக்குடுக்க மாட்டேன்.