உருமியும் டெக்னோவும் ஒட்ட மறுக்கின்றன, யாராவது உதவுங்கள்

குழுவினருக்கு வணக்கம். மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து டெக்னோ, ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசைத் துண்டுகளைக் கலந்து, ஒரு மணி நேரத் தொகுப்புகளாக்கி நண்பர்களுக்கு அனுப்பி வருகிறேன். கேட்பவர்கள் மொத்தம் ஏழு பேர். அதில் ஒருவன் என் அத்தை மகன். அவன் உண்மையில் கேட்கிறானா என்பது சந்தேகம்தான்.

வைகாசியில் எங்கள் தெருக் கோயில் திருவிழாவில் உருமியைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகல், ரோலண்ட் டிபி-303 என்ற மின்னணு இசைக் கருவியின் நெளியும் பேஸ் (தாழ்சுர) ஒலிக்கு உடன்பிறந்தது போல இருக்கிறது. அந்தக் கருவியும் பாவம், 1981இல் பேஸ் கிட்டாருக்கு மாற்றாக வந்து விலைபோகாமல் நின்றது. பிறகுதான் சிகாகோ இளைஞர்கள் அதன் குமிழ்களைத் திருகித் திருகி ஆசிட் ஹவுஸைக் கண்டெடுத்தார்கள்.

சிக்கல் இதுதான்: என் டெக்னோ நிமிடத்துக்கு 130 தாள அடி என்ற வேகத்தில் அசையாமல் நிற்கிறது. உருமிக்காரரோ சாமி ஆட ஆட வேகம் கூட்டுகிறார். 118இல் தொடங்கி 140ஐத் தாண்டிவிடுகிறார். கணினியில் இழுத்துப் பொருத்தினால் முனகல் தகரம் கிழிவது போலாகிவிடுகிறது.

உருமியைத் தொடாமல், டெக்னோவை அதன் பின்னால் ஓடவிட வழி உண்டா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மதுரையில் நல்ல ஒலிப்பதிவுக் கருவியை இரண்டு நாள் இரவல் தருபவர் இருந்தால், ஆடித் திருவிழாவில் மறுபடி பதிவு செய்வேன். அன்றிரவு பரோட்டாச் செலவு என்னுடையது.

தொகுப்பு வேண்டுவோரும் கேளுங்கள். எட்டாவது ஆளுக்காகக் காத்திருக்கிறேன்.