குடிசன் பார்க்கில் 2–2, எங்கள் ஏரியாவில் இன்னும் விசில் அடிக்கவில்லை

வியாசர்பாடியிலிருந்து

இங்கிலாந்துக் கால்பந்தில் நான் லிவர்பூல் ஆள். முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் தோண்டித் துருவ வேண்டியதில்லை.

2025 பிப்ரவரி 12, எவர்டனோடு டெர்பி, அதாவது ஒரே ஊர் அணிகள் இரண்டும் மோதும் ஆட்டம். அங்கே இரவு ஏழரை மணி, நமக்கு 13ஆம் தேதி அதிகாலை ஒரு மணி. முந்தைய டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது, புயலால் தள்ளிப்போனது. எவர்டன் 1892இலிருந்து ஆடிவந்த குடிசன் பார்க்கில் ஆண்கள் அணிக்கு இதுதான் கடைசி டெர்பி. அதனால் லீக் பட்டியலில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் அன்றைக்கு எடுபடாது என்று தெரிந்தேதான் உட்கார்ந்தோம். ஹாட்ஸ்டார் ஒருவனுடையது, டேட்டா இன்னொருவனுடையது, மொட்டை மாடி மூன்றாமவன் வீட்டுடையது. கீழே அவனுடைய அம்மா தூங்குவதால் கோல் விழுந்தால் கத்தக் கூடாது என்று ஒப்பந்தம். எவர்டனின் பெட்டோ கோல் அடித்தபோது ஒப்பந்தம் தாக்குப்பிடித்தது. எங்கள் சலா அடித்தபோது பறந்தது. எவர்டனின் டார்கோவ்ஸ்கி அடித்தபோது கத்துவதற்கு யாரிடமும் தெம்பில்லை.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: 11வது நிமிடம் பெட்டோ, 1–0. 16வது நிமிடம் சலா தூக்கிக் கொடுத்ததை எங்கள் மக்அலிஸ்டர் தலையால் முட்டி 1–1. 73வது நிமிடம் கர்டிஸ் ஜோன்ஸ் அடித்தது தடுப்பில் பட்டுத் திரும்ப, சலா ஓங்கி ஒரே உதை, 1–2. கூடுதல் நேரத்தின் எட்டாவது நிமிடத்தில் டார்கோவ்ஸ்கி, 2–2. விசில் அடித்த பிறகு எவர்டனின் டுக்கூரே லிவர்பூல் ரசிகர்கள் முன்னால் போய்க் குதிக்க, ஜோன்ஸ் பாய, இரண்டு பேருக்கும் சிவப்பு அட்டை. ரெஃப்ரிக்குக் கை கொடுக்கப் போன லிவர்பூல் கோச் ஆர்னே ஸ்லாட்டுக்கும் சிவப்பு, அவருடைய உதவியாளருக்கும் சிவப்பு.

மூன்று மணிக்கு ஆரம்பித்த சண்டை காலை டீக்கடை வரைக்கும் வந்தது. ஒரு கட்சி முழுக்க ரெஃப்ரியைத் திட்டியது. கடைசி கோலுக்கு முன்னால் பெட்டோ எங்கள் தடுப்பாட்டக்காரர் கோனாட்டேவைத் தள்ளினான், ஐந்து நிமிடம் என்று போர்டு காட்டிவிட்டு எட்டாவது நிமிடம் வரை இழுத்தார்கள், வீடியோவில் அவ்வளவு நேரம் பார்த்தும் கோல் என்று கொடுத்துவிட்டார்கள், இப்படி. இன்னொரு கட்சி, ஸ்லாட் பயந்துபோய் அணியைப் பின்னால் இழுத்துக்கொண்டார் என்றது.

எங்களுக்குப் பந்தாடச் சொல்லிக்கொடுத்த கோச் அண்ணன் அந்த வழியாக வந்தார். அவர் ஆட்டத்தை நேரலையில் பார்க்கவில்லை. அவர் காலத்தில் ஸ்டாப்பர் பேக், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். ஓரமாக ஓடி ஆடுகிறவனை இன்றைக்கும் விங்கர் என்று சொல்ல மாட்டார், ரைட் அவுட், லெஃப்ட் அவுட்தான். "கடைசி கோலைப் போடுபா" என்றார். போட்டோம். எவர்டனின் மிக்கோலென்கோ பந்தை உள்ளே அனுப்பியதும் கட்டை விரலை வைத்து நிறுத்தச் சொன்னார். அவர் அணியின் ஈரோக்புனம் மேல் பட்டுப் பந்து எழும்புகிறது. மறுபடி நிறுத்து. விரிசல் விழுந்த அந்தத் திரையில் லிவர்பூலின் சிவப்புச் சட்டைகளை ஒவ்வொன்றாக நகத்தால் தொட்டுக் காட்டினார். "இவன் பந்தப் பாக்குறான். இவனும் பந்தப் பாக்குறான். இவன் ரெஃப்ரியப் பாக்குறான். டார்கோவ்ஸ்கியப் பாக்குறவன் எங்கபா?"

அவ்வளவுதான். டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நானும் கோச் அண்ணன் கட்சிக்கு மாறிவிட்டேன். உயரே வருகிற முதல் பந்தை ஜெயிப்பது உயரத்தாலும் குதிப்பதாலும் நடக்கிற காரியம். வான் டைக் மாதிரி ஆள் இருந்தால் பத்தில் ஏழெட்டு நம்முடையது. ஆனால் முட்டித் தள்ளிய பந்து, அதாவது இரண்டாவது பந்து, எங்கே விழும், அங்கே முதலில் யார் போய் நிற்பது என்பதுதான் ஆட்டத்தையே முடிவு செய்கிறது. அன்றைக்கு எவர்டன் பந்தை வைத்து அழகு காட்டவே இல்லை. தூக்கிப் பெட்டோவை நோக்கிப் போட்டார்கள், கீழே விழுவதைப் பொறுக்க அவர்களுடைய குயேவும் ஜேம்ஸ் கார்னரும் ஓடினார்கள். எங்கள் கிராவன்பெர்க் அந்த சீசன் முழுக்க ராஜா மாதிரி ஆடியவர், அன்றைக்கு அந்த இரண்டாவது பந்துக்கு ஒவ்வொரு தடவையும் அரை நொடி பிந்தியே வந்தார். சோபோஸ்லாய் ஓடினார், ஓடினார், ஓடிக்கொண்டே இருந்தார். பந்துதான் அவர் ஓடிய பக்கம் வரவில்லை.

சலா விஷயத்தில் எங்களுக்குள் கைகலப்பே வந்திருக்கும். "ஒரு மணி நேரம் ஆளே காணோம்" என்றான் ஒருவன். ஒரு கோல் அடித்து இன்னொன்றுக்குப் பந்து கொடுத்த ஆளைக் காணோம் என்றால் மற்ற பத்துப் பேர் என்ன கணக்கு? ஃபார்வர்டு என்பவன் தொண்ணூறு நிமிடமும் கண்ணில் பட வேண்டும் என்பது கிரவுண்டில் இறங்காதவர்களின் ஆசை.

முதல் கோலைப் பற்றி யாரும் பேசவில்லை, எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். ஃப்ரீ கிக். லிவர்பூல் ஆட்கள் இடம் தேடி நடந்துகொண்டிருக்கிறார்கள். பிராந்த்வெய்ட் பந்தை வைத்தார், நிமிர்ந்தார், தரையோடு ஒரு பாஸ், பெட்டோ தனியாக உள்ளே. நம்ம ஏரியா செவன்ஸில், ஏழு பேர் ஆட்டத்தில், பத்து வயதுப் பையன்கூட விசில் கேட்டவுடன் பந்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிவான். தப்புதான், மஞ்சள் அட்டைகூட வரும். ஆனால் கோல் வராது. எங்களைக் குட்டி பிரேசில் என்று பத்திரிகைகளில் எழுதும்போது பந்தின் மேல் காலைச் சுழற்றி ஏமாற்றுகிற ஸ்டெப் ஓவரைப் பற்றித்தான் எழுதுகிறார்கள், இந்த லேஸ் கட்டுகிற வித்தையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ராயபுரத்திலிருந்து

வட சென்னையில் எவர்டன் ரசிகன் என்று சொல்லிக்கொண்டால் முதல் கேள்வி, "ஏன்பா, வேற டீமே கெடைக்கலியா?" என்பதுதான். எங்கப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். எவர்டன் புதிதாகக் கட்டிய ஸ்டேடியமும் கப்பல் துறையில்தான் இருக்கிறது, பிராம்லி-மூர் டாக் என்ற இடத்தில். அந்தப் படங்களைக் காட்டினால் எங்கப்பா ஸ்டேடியத்தைப் பார்க்க மாட்டார், துறைமுகச் சுவரைத்தான் பார்ப்பார். இதற்கு மேல் காரணம் கேட்காதீர்கள்.

வியாசர்பாடி அண்ணன் சொன்ன இரண்டாவது பந்து சரிதான். ஆனால் எல்லாவற்றையும் லிவர்பூல் செய்யத் தவறியது என்றே பார்க்கிறார். எவர்டன் செய்தது என்று ஒன்று இருக்கிறதே! டேவிட் மோயஸ் அந்த ஜனவரியில்தான் எவர்டனுக்குக் கோச்சாகத் திரும்பி வந்தார். அதுவரை கோலே அடிக்கத் தெரியாத அணி மாதிரி இருந்தது. கால்வெர்ட்-லூயின் காயத்தில் உட்கார்ந்துவிட்டதால் பெட்டோவுக்கு இடம் கிடைத்தது. எங்களுக்கே அவர்மேல் நம்பிக்கை கிடையாது, பந்து அவர் காலில் பட்டால் எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கே தெரியாது என்று கிண்டலடிப்போம். பிப்ரவரி 1ஆம் தேதி லெஸ்டரை 4–0 என்று அடித்தபோது இரண்டு கோல் அவருடையது. அதே ஆட்டத்தில் டுக்கூரே பத்து நொடியிலேயே கோல் போட்டார். அந்தச் சூட்டோடு டெர்பிக்கு வந்தார்கள்.

மோயஸ் செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்றே ஒன்று. பெட்டோவைப் பந்தை வாங்கி நிறுத்தச் சொல்லவில்லை, அவருக்கு அது வராது. ஓடச் சொன்னார். கோனாட்டேவுக்கும் வான் டைக்குக்கும் முதுகுப் பக்கம் ஓடிக்கொண்டே இரு, பந்து வந்தால் வரட்டும், வராவிட்டாலும் அவர்கள் இரண்டு பேரும் திரும்பித் திரும்பிப் பார்க்கட்டும். முதல் கோல் அதன் கூலிதான்.

முதல் பாதியிலேயே என்டியாயே காயம்பட்டு வெளியே போனார். அப்போது எங்கள் அணியில் பந்தை வைத்துக்கொண்டு ஆளைத் தாண்டத் தெரிந்த ஒரே பையன் அவர்தான். ஹாரிசன் வந்தார், நல்ல உழைப்பாளி, அதற்கு மேல் கேட்கக் கூடாது. அப்படியிருந்தும் லீக்கில் முதலிடத்தில் இருந்த அணியை நிம்மதியாக மூச்சுவிட விடவில்லை. "டிரா" என்று நீங்கள் சொல்வதை நாங்கள் அன்றைக்கு ஜெயித்ததாகவே வைத்துக்கொண்டோம். டுக்கூரே அங்கே போய்க் குதித்தது தேவையில்லாத வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மைதானத்துக் கடைசி டெர்பியில், 98வது நிமிடத்தில் கோல் போட்டுவிட்டு, கை கட்டி நிற்கச் சொன்னால் யார் நிற்பார்கள்?

காசிமேட்டிலிருந்து

நான் இரண்டாம் பாதியை ஏலக் கூடத்தில் பார்த்தேன். அந்த நேரத்துக்குப் படகு வந்து கூடை இறங்க ஆரம்பித்துவிடும். போனை ஐஸ் பெட்டி மேல் சாய்த்து வைத்திருந்தேன். சலா அடித்தது தெரியும். அப்புறம் வஞ்சிரத்துக்கு விலை கேட்க ஆள் வந்துவிட்டார். விலை பேசி முடித்துத் திரும்பினால் திரையில் ஆளுக்கு ஆள் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். லிவர்பூல் தோற்றுவிட்டது என்றே நினைத்தேன். 2–2 என்று தெரிந்ததும் பரவாயில்லை என்றிருந்தது. அதனால் உங்களுக்கு வந்த கோபம் எனக்கு வரவேயில்லை.

ஒரே கேள்வி. ஒரு கோல் முன்னால் இருக்கும்போது நேரத்தைக் கடத்தப் பந்தைக் கார்னர் கொடிப் பக்கம் கொண்டுபோய் வைத்துக்கொள்ள லிவர்பூலில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையா?

பெரம்பூரிலிருந்து

இங்கிலாந்து டெர்பிக்கு இவ்வளவு மை செலவழிக்கிறீர்கள், சரி. நான் ரயில்வே ஆள், வேலை விஷயமாகக் கொல்கத்தா போய் வருகிறவன். 2024 பிப்ரவரி 3, அங்கே சால்ட் லேக் ஸ்டேடியத்தில் அந்த ஊர் அணிகளான மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஆட்டம். அதுவும் 2–2தான், அதுவும் கடைசியில் கையை விட்டுப் போனதுதான். மூன்றாவது நிமிடமே ஈஸ்ட் பெங்காலின் அஜய் சேத்ரி கோல். மோகன் பகானின் அர்மாண்டோ சதிக்கு சமன் செய்தார். 55வது நிமிடம் கிளெய்டன் சில்வா பெனால்டியில் ஈஸ்ட் பெங்காலை முன்னால் கொண்டுபோனார். 87வது நிமிடம் மோகன் பகானின் பெட்ராடோஸ், முடிந்தது கதை.

எனக்கு ஈஸ்ட் பெங்காலின் மஞ்சள்-சிவப்புச் சட்டைமேல் பாசம் வந்ததற்குக் காரணம் நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். 2023 ஆகஸ்ட் 12 டூரண்ட் கோப்பை டெர்பி நினைவிருக்கிறதா? 2019 ஜனவரிக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் ஒரு டெர்பிகூட ஜெயித்திருக்கவில்லை. வலது பக்கத்தில் பந்து வாங்கி, அனிருத் தாப்பாவை உள்பக்கமாக வெட்டி, இடது காலால் வளைத்து அடித்தார். 1–0. தாப்பா அதற்கு முன்னால்தான் சென்னையின் அணியிலிருந்து மோகன் பகானுக்குப் போயிருந்தார். நம்ம ஊர் அணியின் பழைய கேப்டனை நம்ம ஊர்ப் பையன் கொல்கத்தாவில் வைத்து வெட்டினான் என்றால், சிரிப்பதா வருத்தப்படுவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த 2–2இலும் பார்த்தேன், முன்னால் இருக்கிற அணி கடைசிப் பத்து நிமிடம் தன் பெனால்டி பெட்டிக்குள்ளேயே குடியேறிவிட்டது. விங்கில் ஓட வேண்டிய ஆட்கள் பேக் ஆகிவிடுகிறார்கள். பந்தை எட்டி உதைத்தால் அதை வாங்க முன்னால் ஒருவனும் இல்லை, சுவரில் அடித்த மாதிரி திரும்பி வருகிறது. காசிமேட்டுத் தம்பி கேட்டதற்கு அதுதான் பதில். கார்னர் கொடிக்குப் பந்தைக் கொண்டுபோக வேண்டுமென்றால் அங்கே ஓடுவதற்கு ஒருவனை மிச்சம் வைக்க வேண்டும். கோச் பின்னால் வரச் சொல்லவே வேண்டாம், டெர்பியில் கால் தானாகப் பின்னால் போகிறது. உள்ளூரில் தோற்றால் மறுநாள் தெருவில் நடக்க வேண்டுமே என்கிற பயம்தான்.

மறுபடியும் வியாசர்பாடியிலிருந்து

பெரம்பூர் அண்ணன் சொன்னதைக் கோச் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "கால் தானா பின்னால போவுது" என்பதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் ஞாயிறு பிராக்டிஸில் புதிதாக ஒன்று ஆரம்பித்துவிட்டார். பாதி கிரவுண்டில் எட்டுக்கு எட்டு, ஒரு அணி 1–0 முன்னால் இருப்பதாகக் கணக்கு, பத்து நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆனால் முன்னால் இருக்கிற அணியில் இரண்டு பேர் நடுக்கோட்டைத் தாண்டித் தங்கள் பெட்டிப் பக்கம் வரவே கூடாது. வந்தால் எதிரணிக்குப் பெனால்டி. முதல் வாரம் பெனால்டி கொடுத்தே தோற்றோம். இப்போது பரவாயில்லை.

ராயபுரம் தம்பிக்கு ஒன்று. மோயஸ் பெட்டோவை ஓடவிட்டார் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். கூலி என்று சொன்னதும் நன்றாகவே இருந்தது. அந்த சீசன் பிரீமியர் லீக் கோப்பையைக் கடைசியில் நாங்கள்தான் தூக்கினோம் என்பதையும் ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளவும். ஸ்லாட் இரண்டு ஆட்டம் தடையில் உட்கார்ந்தும்கூட.

மற்றபடி அந்தத் தள்ளல் விவகாரம். எங்கள் மொட்டை மாடிக் கட்சி இன்னமும் அது ஃபவுல்தான் என்று கத்துகிறது. கோனாட்டே ஆறடிக்கு மேல் உயரம், 194 செ.மீ. அந்த ஆளை முதுகில் ஒரு கை வைத்துச் சாய்க்க முடியுமென்றால் பெட்டோவை வியாசர்பாடிக்கு அனுப்புங்கள். எங்கள் கிரவுண்ட் வாசலில் மாதக்கணக்காக ஒரு பழைய லாரி நிற்கிறது, நகர்த்த ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.