ஒரே நாளில் கிளைக்கோஜன் நிரம்புமா?

லாயக்காரன்:
"நன்றாகப் பழக்கிய பந்தயக் குதிரைக்கு 24 மணி நேரம் போதும், தசையில் கிளைக்கோஜன் (ஓட்டத்துக்காகச் சேமித்து வைத்த சர்க்கரை) முழுதும் நிரம்பிவிடும்" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது மனுஷக் கணக்கு. காலியாகும் அளவுக்கு ஓடிய குதிரைக்கு 48 முதல் 72 மணி ஆகும்.

கடிவாளம்:
எழுதினது நான்தான், பேர் சொல்லியே கேட்கலாம். பயிற்சியில் தசைச் செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா கூடுது, கொழுப்பு அதிகமா எரியுது, அதே வேகத்துக்குக் கிளைக்கோஜன் செலவு குறையுது. அப்போ சீக்கிரம் நிரம்பத்தானே செய்யும்?

லாயக்காரன்:
செலவு குறைவது வேறு, நிரம்பும் வேகம் வேறு. குதிரைத் தசை கிளைக்கோஜனைச் சேர்ப்பதே மெதுவாகத்தான். ஓட்ஸை அள்ளிப் போட்டாலும் பெரிதாக முந்தாது. சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து வயிற்றுவலி வரும், குளம்பு அழற்சி வரும். 72 மணி.

புதுச்சேணம்:
'காலி' என்றால் எவ்வளவு குறைந்தால்? அதை முதலில் சொல்லுங்களேன்.

நாடித்துடிப்பு:
ஓட்டத்தை உடனே நிறுத்தினால் லாக்டிக் அமிலம் தேங்கித் தசை இறுகுதே, அதை ஏன் யாரும் பேசல?

லாயக்காரன்:
இந்தப் பழங்கதையை எத்தனை தடவை மறுப்பது? பந்தயம் முடிந்ததும் ரத்தத்தில் லாக்டேட், அதாவது நீங்கள் லாக்டிக் அமிலம் என்பது, லிட்டருக்கு 20 மில்லிமோலைத் தாண்டும், சில மணி நேரத்தில் இறங்கியும்விடும். நடக்கவிடுவதைவிட மெதுவான டிராட்டில் (துள்ளுநடையில்) இன்னும் வேகமாக இறங்கும், இதயமும் மற்ற தசைகளும் அதையே எரிபொருளாக்கிக்கொள்ளும். தசை இறுகினால், தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியைப் பாருங்கள், லாக்டேட்டை அல்ல.

நாடித்துடிப்பு:
அப்புறம் 4 மில்லிமோல் சோதனை எதுக்கு?

லாயக்காரன்:
பயிற்சி ஏறியதா என்று பார்க்க. படிப்படியாக வேகம் கூட்டி, ஒவ்வொரு படி முடிந்ததும் ரத்தம் எடுக்கணும். லாக்டேட் 4-ஐத் தொடும் வேகம் வாரங்கள் போகப் போக உயரணும். சிதைவைத் தடுக்கும் ஃபுளோரைடு குழாயில் எடுக்காமல் வைத்திருந்தால் சிவப்பணுக்களே குளுக்கோஸைச் சிதைத்து லாக்டேட் அளவை ஏற்றிவிடும். உங்கள் லாக்டேட் கணக்கெல்லாம் அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

நாடித்துடிப்பு:
வார்த்தையை அளந்து பேசுங்க.

கடிவாளம்:
இவர் எப்பவும் இப்படித்தான். எண்ணெய்த் தீனி பேச்சிலும் என் மேலே பாய்ந்தார்.

லாயக்காரன்:
எண்ணெய் மூணு நாளில் வேலை செய்யும் என்றீர்கள், பாய்ந்தேன். தசை கொழுப்புக்குப் பழக வாரக்கணக்காகும். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால்தான், இல்லையென்றால் சாணம் இளகும். அன்றும் நாள் கணக்கில்தான் தப்பு, இன்றும் அதே.

கடிவாளம்:
லேசான கேன்டர் (நடுத்தர வேக ஓட்டம்) ஓடின குதிரையைப் பாருங்க, 24 மணி போதும்.

லாயக்காரன்:
லேசான கேன்டரில் காலியாவதே இல்லை, நிரம்ப என்ன இருக்கு? காலியாக்கும் கடும் ஓட்டத்துக்கு மறுநாளே வேகப் பயிற்சி கொடுத்தால் பாதித் தொட்டியோடு ஓடி நடுவிலேயே தளரும். 72.

கடிவாளம்:
பழகின குதிரைக்கு 24. மாத்திச் சொல்ல மாட்டேன்.