பூண்டு விழுதை ஊரிலிருந்து கொண்டு போகாதீர்கள், போன இடத்தில் புளிக்க வையுங்கள்

தம்பி மகள் அடுத்த வாரம் ஹாம்பர்க் போகிறாள். காரைக்குடி வீட்டு வளவில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். பருப்புப் பொடி, சுண்டைக்காய் வற்றல் எல்லாம் உள்ளே போயாயிற்று. "அத்தை, பூண்டு விழுதும் ஒரு பாட்டில் அரைச்சுக் குடுங்க, மேல நல்லெண்ணெய் ஊத்திட்டா கெடாதுல்ல?" என்றாள். அவளுக்குச் சொன்னதை, புதிதாகப் போயிருக்கும் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நானும் ஜெர்மனி போன முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். பச்சைப் பூண்டை அரைத்து, மேலே எண்ணெய் நிறுத்தி, சமையல் மேடையிலேயே வைத்திருந்தேன். மாடி வீட்டு நர்ஸ் அக்கா பார்த்துவிட்டு அப்போதே கொட்டச் சொன்னார். பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் இருக்கும் பாட்டுலிசம் கிருமியின் (உணவை நஞ்சாக்கும் கிருமி) வித்து அதோடு வந்துவிடும். காற்றுப் படாத, புளிப்பில்லாத இடம் கிடைத்தால் முளைத்து விஷத்தை உண்டாக்கும். எண்ணெய் அந்த இடத்தை நாமே அமைத்துக் கொடுப்பது போல. 1985ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் போட்ட பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். நாற்றம், நிறம் எதிலும் தெரியாது என்பதுதான் பயம்.

அப்பத்தா போட்ட பூண்டு ஊறுகாய் கெடவில்லையே என்று கேட்பீர்கள். அதைக் காத்தது எண்ணெய் இல்லை, அள்ளிப் போட்ட புளியும் உப்பும்தான். அந்தப் புளிப்பை விழுதுக்குள்ளேயே வரவழைக்கலாம். தயிரைத் தோய்க்கும் அதே வகைக் கிருமிகள் செய்யும் வேலை இது.

உரித்த பூண்டு 300 கிராம். கொதித்து ஆறிய தண்ணீர் 70 மில்லி. கடையில் குளிர்ப்பெட்டியில் விற்கும், சூடாக்காத சவர்கிராட்டின் (உப்பில் புளிக்க வைத்த முட்டைக்கோஸ்) சாறு 30 மில்லி. மொத்தம் 400 கிராம் வருகிறதா, அதில் நூற்றுக்கு மூன்று என்று 12 கிராம் உப்பு. ஸ்பூன் கணக்கு வேண்டாம், சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். சாற்றைச் சேர்க்க மறக்காதீர்கள், அதுதான் உறை. பூண்டு கிருமிகளை அடக்கும் குணமுள்ளது, உறை ஊற்றாவிட்டால் புளிக்க ரொம்ப நாள் இழுக்கும். அத்தனை நாள் வெறும் மூன்று சதவீத உப்பை நம்பி இருக்க முடியாது.

எல்லாவற்றையும் அரைத்துக் கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் வரை போடுங்கள். கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்று புள்ளி புள்ளியாக மேலே வரும். மூடியை லேசாகத் திருகி, தட்டின் மேல் வையுங்கள், வழிந்தாலும் வழியும். 20 டிகிரி உள்ள அறை போதும். தினமும் ஒரு தடவை மூடியைத் தளர்த்தி வாயுவை விடுங்கள்.

இரண்டு மூன்று நாளில் விழுது பச்சையாகவோ நீலமாகவோ மாறலாம். நான் முதல் தடவை பார்த்தபோது செம்புக் களிம்பு போல இருந்தது, பதறிப்போனேன். பூண்டின் கந்தகச் சத்து புளிப்பில் அமினோ அமிலங்களோடு சேரும்போது வரும் நிறம் அது, கெடுதல் இல்லை. ஆனால் மேலே பஞ்சு போலப் பூசணம் கண்டால் வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். முழு ஜாடியும் குப்பைக்கு.

புளிப்பை அளக்கும் பிஹெச் தாள் வாங்குங்கள், விலை அதிகமில்லை. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 4.6க்குக் கீழே பாட்டுலிசம் கிருமி வளராது. நான் 4.2க்குக் கீழே வந்த பிறகுதான் ஃபிரிட்ஜுக்கு மாற்றுவேன். ஐந்தாறு நாளில் 4.6ஐத் தாண்டி இறங்கவில்லை என்றால் ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள். அடுத்த ஜாடிக்கு இதிலிருந்தே இரண்டு ஸ்பூன் உறை எடுத்துக்கொள்ளலாம், சவர்கிராட் தேட வேண்டாம்.

வாசனை பற்றிக் கவலையாக இருக்கும், கூட வேறு ஆட்கள் இருக்கும் வீடு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல மூடியுள்ள டப்பாவுக்குள் ஜாடியை வைத்தால் பாதி அடங்கும்.

அப்புறம், குழம்புக்கு. புளித்த விழுதில் பச்சைக் காரம் குறைந்து ஒரு மெல்லிய இனிப்பு இருக்கும். பூண்டுக் குழம்பில் முழுப் பல்லை வழக்கம்போல நல்லெண்ணெயில் வதக்குங்கள், அதற்குப் பதிலாக இது ஆகாது. இறக்குவதற்கு முன் ஒரு ஸ்பூன் கலந்து ஒரு கொதி விடுங்கள். புளியையும் உப்பையும் முதலிலேயே கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.