புதுப்பிப்பு: பிரைட்டன் பீச் போய் வந்தாச்சு

வார இறுதியில் நியூயார்க் நகரத்து புரூக்ளினின் ரஷ்யப் பகுதியான பிரைட்டன் பீச்சுக்கு எப்படிப் போவது, அங்கே சைவம் கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை குடும்பத்தோடு போய் வந்தோம்.

அங்கே போகும் பி ரயில் வார இறுதியில் ஓடாது. மன்ஹாட்டனிலிருந்து கியூ ரயிலில் ஏறினால் போதும், மாற வேண்டியதில்லை. ரயில் பாதை கடைத்தெருவுக்கு மேலேயே போகிறது. படியிறங்கியதும் எங்கு பார்த்தாலும் ரஷ்ய எழுத்துப் பலகைகள்தான்.

சைவம் தாராளமாகக் கிடைக்கிறது. உருளைக்கிழங்கு வைத்த வரேனிகி கேளுங்கள். நம்ம ஊர் கொழுக்கட்டை மாதிரி மடித்து, வேகவைத்து, மேலே வதக்கிய வெங்காயமும் புளித்த கிரீமும் போட்டுத் தருகிறார்கள். அதே மாதிரி இருக்கும் பெல்மெனி வேண்டாம், அதில் இறைச்சி இருக்கும். பீட்ரூட் சூப்பான போர்ஷும் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில்தான் செய்வார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். ஜார்ஜியா நாட்டுச் சீஸ் ரொட்டியான கச்சாபுரியைப் பிள்ளைகள் விடவே இல்லை!

1970களில் சோவியத்திலிருந்து வந்த யூதர்கள்தான் இங்கே பெருமளவில் குடியேறினார்கள். பலர் உக்ரைனின் ஒடெசா நகரத்துக்காரர்கள், அதனால்தான் 'குட்டி ஒடெசா' என்ற பெயர். உக்ரைனியர்களும் உஸ்பெக்குகளும் நிறைய இருக்கிறார்கள், எல்லோரையும் 'ரஷ்யர்' என்று சொல்லிவிடாதீர்கள். ரஷ்யா உக்ரைன் மீது போர் தொடுத்த பிறகு அது அவர்களுக்கு வலிக்கும்.

சாப்பிட்ட பிறகு கடலோர மரப்பலகை நடைபாதையில் மேற்கே நடந்தால் கோனி தீவு வந்துவிடும். அப்புறம் அங்குள்ள ஸ்டில்வெல் அவென்யூ நிலையத்தில் அதே கியூ ரயிலைப் பிடித்துத் திரும்பலாம்.