பழைய தலைக்காயமும் இப்போதைய மறதியும்: தொடர்பு உண்டா?

இளவேனில்:

என் அப்பாவுக்கு வயது 69. நாற்பதுகளின் நடுவில் இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நினைவிழந்திருந்தார். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. சில மாதங்களில் வேலைக்குத் திரும்பி, ஓய்வு பெறும் வரை கணக்காளராகவே பணியாற்றினார். கடந்த ஓராண்டாக மறதி தென்படுகிறது. வீட்டுச் செலவு நோட்டில் ஒரே செலவை ஒரே பக்கத்தில் இரண்டு முறை எழுதிவிடுகிறார். கூட்டல் இன்றும் பிசகுவதில்லை, ஆனால் முன்பே எழுதியது அவருக்கு நினைவில் இருப்பதில்லை. அந்த விபத்துதான் இதற்குக் காரணம் என்றும், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றும் அண்ணன் உறுதியாகச் சொல்கிறார். தலைக்காயம் டிமென்ஷியாவை, அதாவது நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குன்றும் நிலையை, வரவழைக்கும் என்று ஆய்வுகள் உண்மையிலேயே சொல்கின்றனவா? அப்படியானால், ஒருவருக்கு வந்த மறதி காயத்தால் வந்ததா, டிமென்ஷியாவின் மிகப் பொதுவான வகையான அல்சைமரால் வந்ததா என்று பிரித்தறிய முடியுமா?

நெடுஞ்செழியன்:

நினைவாற்றல் மதிப்பீட்டுத் துறையில் பணிபுரிகிறேன். உங்கள் அண்ணன் சொல்வதில் முதல் பாதிக்கு ஆதாரம் உண்டு. இரண்டாம் பாதிக்கு இல்லை.

தொடர்பு இருப்பது உண்மை. லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா ஆணையம் 2020-இல் தன் ஆபத்துக் காரணிகளின் பட்டியலில் தலைக்காயத்தையும் சேர்த்தது. ஆனால் தொடர்பின் அளவைப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. டென்மார்க்கில் ஏறத்தாழ 28 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், மூளைக்காயம் பட்டவர்களுக்கு டிமென்ஷியா வரும் ஆபத்து மற்றவர்களைவிட 24% கூடுதலாக இருந்தது; காயம் லேசானதாக இருந்தால் 17%, கடுமையாக இருந்தால் 35%. இந்த 24% என்பதை நூறு பேரில் 24 பேருக்கு நோய் வரும் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். காயம் படாத நூறு பேரில் பத்துப் பேருக்கு நோய் வரும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், காயம் பட்ட நூறு பேரில் அது பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பேருக்கு வரும் என்பதே அதன் பொருள். காயம் பட்டவர்களிலும் மிகப் பெரும்பாலானோருக்கு அந்நோய் வரவில்லை.

இதைவிடப் பெரிய எண்களைத் தந்த ஆய்வுகளும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய அமெரிக்கக் கடற்படை வீரர்களைப் பற்றி 2000-இல் வெளியான ஆய்வில், நடுத்தரக் காயம் பட்டவர்களுக்கு ஆபத்து இரு மடங்குக்கு மேலாகவும், கடுங்காயம் பட்டவர்களுக்கு நான்கு மடங்குக்கு மேலாகவும் இருந்தது. முப்பது நிமிடத்துக்கு மேல் நினைவிழப்பு இருந்தால் அதைப் பொதுவாக நடுத்தரக் காயம் என்றே வகைப்படுத்துவார்கள். ஆகவே உங்கள் அப்பாவுக்குப் பட்டதை லேசான காயம் என்று ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. எனினும் கூட்டத்துக்குப் பொருந்தும் கணக்கை வைத்துக்கொண்டு, ஒரு தனி மனிதரின் மறதிக்கு இதுதான் காரணம் என்று தீர்ப்பு எழுத முடியாது.

உங்கள் இரண்டாவது கேள்வி ஆய்வாளர்களையே இன்னும் பிரித்து வைத்திருக்கிறது. கடுங்காயத்தில் மூளை உலுக்கப்படும்போது நரம்பிழைகள் இழுபட்டு அறுபடுகின்றன. அவ்விடங்களில், அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு என்ற பொருளின் மூலப்புரதம் சில மணி நேரத்திலேயே தேங்குகிறது. அதனால் காயம் நேராக அல்சைமருக்கு இட்டுச் செல்லும் என்று நெடுநாள் கருதப்பட்டது. ஆனால் 7,000-க்கும் மேற்பட்ட முதியோரை உள்ளடக்கி, அவர்களில் பலரின் மூளைகளை இறப்புக்குப் பின் சோதித்து, 2016-இல் வெளியான ஆய்வில், நினைவிழப்புடன் கூடிய பழைய காயத்துக்கும் அல்சைமருக்குரிய படிவுகளுக்கும் தொடர்பு தென்படவில்லை. மாறாக லூயி உடல்கள் எனப்படும் வேறு வகைப் புரதப் படிவுகளோடும், நுண்ணிய இரத்தக்குழாய் அடைப்புகளோடும், பார்க்கின்சன் நோயோடும் தொடர்பு தெரிந்தது. எனவே காயத்தால் வரும் டிமென்ஷியா என்று ஒற்றை நோய் இருப்பதாக எண்ணுவதே சரியல்ல என்பது என் கருத்து.

கதிர்:

குத்துச்சண்டை வீரர்களுக்கும் கால்பந்து வீரர்களுக்கும் வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோயைப் பற்றிப் படித்திருக்கிறேன். இவருக்கு அதுவாக இருக்க வாய்ப்புண்டா?

நெடுஞ்செழியன்:

மிகவும் குறைவு. 1928-இல் ஹாரிசன் மார்ட்லண்ட் குத்துச்சண்டை வீரர்களிடம் விவரித்த நிலையிலிருந்து இன்று வரை, அந்நோய் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களிடமே பெரிதும் காணப்பட்டுள்ளது. ஸ்வீடனின் முன்னணிக் கால்பந்து வீரர்களைப் பற்றி 2023-இல் வந்த ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. அவர்களுக்கு நரம்புச் சிதைவு நோய்களின் ஆபத்து மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு இருந்தது; பந்தை அரிதாகவே தலையால் முட்டும் கோல்காப்பாளர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து காணப்படவில்லை. சி.டி.இ.-யை உறுதியாகக் கண்டறிய, இறப்புக்குப் பின் மூளைத் திசுவைச் சோதிப்பதைத் தவிர இன்றும் வேறு வழியில்லை. ஒருமுறை விபத்துக்குள்ளானவரிடம் அதைத் தேடிப் பயனில்லை.

அருள்மொழி:

எல்லோரும் பழைய விபத்தையே பேசுகிறீர்கள். அண்மையில் அப்பா எங்காவது விழுந்தாரா, தலை எதிலாவது இடித்ததா என்று முதலில் விசாரியுங்கள். என் மாமியார் அலமாரிக் கதவில் தலையை இடித்துக்கொண்டார். வீக்கம்கூட இல்லை, அன்றே மறந்தும் போனோம். சில வாரங்கள் கழித்துப் பகலிலேயே தூங்கி வழிந்தார், வலது காலை இழுத்து நடந்தார், தெரிந்த பொருள்களின் பெயர் வாயில் வராமல் தவித்தார். வயதாகிவிட்டது என்றே வீட்டில் எண்ணினோம். சி.டி. ஸ்கேனில், மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் இடையில் இரத்தம் சிறிது சிறிதாகக் கசிந்து தேங்கியிருப்பது தெரிந்தது. மண்டை ஓட்டில் சிறு துளையிட்டு வடித்த பின், ஓரிரு நாளில் பழையபடி பேசத் தொடங்கினார்.

இளவேனில்:

உங்கள் பதிவைப் படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன். இரண்டு மாதங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தாராம். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பாவே தடுத்திருக்கிறார். அதன் பிறகு மறதி கூடியிருப்பதாக அம்மாவுக்குத் தோன்றுகிறதாம். இதயத்துக்காக, இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறார்.

நெடுஞ்செழியன்:

இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முன்பதிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். வயதானால் மூளை சற்றே சுருங்கி, அதன் மேற்பரப்பிலுள்ள சிரைகள் இழுபட்டு நிற்கும். சிறிய இடியிலேயே அவை கிழியக்கூடும். அந்த மாத்திரை கசிவை நீடிக்கச் செய்யும். ஆனால் மருத்துவர் சொல்லாமல் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு ஆபத்தில் முடியலாம். விழுந்த செய்தியையும் மாத்திரையின் பெயரையும் போனவுடனேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. ஸ்வீடனில் 2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தலைக்காயத்துக்கு அடுத்த ஓராண்டில்தான் டிமென்ஷியா மிக அதிகமாகக் கண்டறியப்பட்டது; பிறகு அந்த ஆபத்து வேகமாகக் குறைந்தது, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் முழுதாக மறையவில்லை. முதல் ஆண்டின் அந்த உயர்வில் ஒரு பகுதி, ஏற்கெனவே தொடங்கிவிட்ட நோயால் தடுமாறி விழுந்தவர்களாக இருக்கலாம். விழுந்ததால் மறதியா, மறதி நோயால் விழுந்தாரா என்பதையும் மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.

இளவேனில்:

ஸ்கேன் எடுத்தாயிற்று. இரத்தக் கசிவு இல்லை. பழைய விபத்தின் தழும்பு முன்மூளையில் சிறிதாகத் தெரிகிறது என்றார் மருத்துவர். தைராய்டு, வைட்டமின் பி12 சோதனைகளும், காது கேட்கும் திறன் சோதனையும், அடுத்த வாரம் விரிவான நினைவாற்றல் மதிப்பீடும் எழுதித் தந்திருக்கிறார். அண்ணனும் உடன் வந்தார். மதிப்பீட்டுக்கு எப்படித் தயார் செய்ய வேண்டும்? வீட்டில் சில கேள்விகளைக் கேட்டுப் பழக்கலாமா?

நெடுஞ்செழியன்:

கசிவு இல்லை என்பது பெரிய ஆறுதல். பழக்க வேண்டாம், மதிப்பீட்டில் கேட்கப்படும் கடிகாரம் வரைவதையும் சொற்பட்டியலை நினைவில் வைத்துச் சொல்வதையும் முன்கூட்டியே பழகியவரின் மதிப்பெண் உண்மை நிலையைவிட உயர்ந்து காட்டும், தொடக்க நிலைப் பாதிப்பு அதில் மறைந்துவிடும். முந்தைய இரவு நன்றாகத் தூங்கட்டும். மூக்குக்கண்ணாடியும், காதுக்கருவி இருந்தால் அதுவும் போட்டுக்கொண்டு வரட்டும். காதில் விழாத சொல்லைத் திருப்பிச் சொல்லாததும் ஏட்டில் மறதியாகவே பதிவாகிவிடும். தூக்க மாத்திரை, சளி மாத்திரை உள்பட அவர் சாப்பிடும் அனைத்தையும் எழுதிக் கொடுங்கள், அவற்றில் சில தாமே நினைவை மந்தமாக்கக்கூடியவை. அம்மாவையும் அழைத்து வாருங்கள். மாற்றங்களை அப்பாவின் எதிரில் சொல்ல அவருக்குச் சங்கடமாக இருக்கும், தனியாகப் பேச நேரம் ஒதுக்கும்படி மதிப்பீடு செய்பவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் மதிப்பீட்டில் தெளிவான விடை கிடைக்காமல் போகலாம். அப்படியானால் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து அதையே மீண்டும் செய்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். பழைய காயத்தின் விளைவு பெரும்பாலும் நிலையாக நிற்கும், வளரும் நோயானால் அந்த இடைவெளியில் மதிப்பெண் இறங்கும்.